கழிவு

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்துக்கு 'எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை' என்று பத்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்துவிட்டு நோட்டை அப்படியே விரித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். பையில் வைக்கலாம் என்று எடுத்தவன் சும்மா வாசித்துப் பார்த்தேன். லேட்டாக எழுந்திருப்பது, அண்ணனோடு சண்டை, தலைக்குக் குளிப்பது என்று வரிசையாகப் போய், ஆறாவது வரியும் ஏழாவது வரியும் இப்படி இருந்தன: 'அன்று அப்பா சமைப்பார். அம்மாவுக்கு நிறைய வேலை.'

சிரித்துவிட்டேன். பிள்ளைக்கு வாக்கியம் கோக்கத் தெரியவில்லை, எங்கேயோ ஒரு 'இல்லை' விட்டுப்போச்சு என்றுதான் தோன்றியது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் காட்டினேன். வாசித்தாள். "சரியாத்தான எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

என் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து நடக்கிறது. ஆட்டுக்கறிக் குழம்பு, இல்லையென்றால் நாட்டுக்கோழி. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். 'சார் வீட்ல ஞாயித்துக்கிழமை மேடத்துக்கு லீவு' என்பார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, வாரம் பூராவும் நின்றுகொண்டே இருப்பவள், ஒருநாளாவது உட்காரட்டும் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவும் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரியே சின்ன வெங்காயம் உரித்து வைப்பவள் மனைவி. இஞ்சி பூண்டு அரைப்பதும் அவள். கறி வாங்கி வருவது நான். மஞ்சள் போட்டு அலசுவது அவள். அடுப்பு முன்னால் கரண்டியோடு நிற்பது நான். நின்றுகொண்டு, 'மல்லித்தூள் எங்க?' 'பெரிய கரண்டி எங்க?' 'குக்கர் கேஸ்கட்டக் காணோமே?' மல்லித்தூள் வருஷக்கணக்காக ஒரே டப்பாவில், ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் போய்ப் படுத்துவிடுவேன், பெரிய வேலை பார்த்த அசதி. அடுப்பு மேடை முழுக்க எண்ணெய்த் தெறிப்பு. தொட்டியில் கிடக்கிற பாத்திரம் மற்ற நாளைப் போல இரண்டு மடங்கு. மகள் மேடையில் ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

'ஆம்பள வேலை பொம்பள வேலைன்னு ஒண்ணும் கிடையாது' என்று அவளிடமும் அவள் அண்ணனிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்து வரிக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

நானும் ஒருகாலத்தில் மூன்றாம் வகுப்பு படித்தவன்தான். 1986, சாத்தூர். வளவுக்குள் எட்டு வீடு, எங்களுடையது கடைசி. அப்பா சிவகாசியில் ஒரு லேபிள் பிரஸ்ஸில் கம்பாசிட்டர். காலை பஸ்ஸுக்குப் போனால் ராத்திரிதான். மழையை நம்ப முடியாத கரிசல் பூமி. 1920-களிலேயே அந்தப் பக்கம் தீப்பெட்டி வந்துவிட்டது. சிவகாசிக்காரர்கள் இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் படித்துவந்த கதையை எங்கள் வாத்தியார்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தொழிலில் பாதி கட்டடத்துக்கு வெளியேதான் நடந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சாமானும் தாளும் மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். (எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வது. 'ஆபீஸ்ல வேலை பாக்கா' என்றால் நாற்காலியில் என்று அர்த்தமில்லை.)

அம்மாவும் அக்காவும் பெட்டி ஒட்டுவார்கள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஸ்கூல் விட்டு வந்து பையை ஆணியில் மாட்டினால் அடுத்து பசைத் தட்டுதான். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம். அவளுடைய நகக்கண்ணில் எந்நேரமும் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். எதிர்வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டு, அம்மாவோடு வாயாடிக்கொண்டு ஒட்டுவாள், கையைப் பார்க்கவே மாட்டாள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி.

அதே 1986-ல்தான் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்றது. கூடவே, குடும்பத்தாரை வைத்துச் செய்கிற வேலைக்கு விலக்கும் கொடுத்தது. ஆக, சட்டத்தின் கண்ணுக்கும் அக்கா வேலை செய்யவில்லை. வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து யாரும் பாடம் நடத்தவில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்து நேரடியாக ஒரு வார்த்தை விழுந்தது ஒரே ஒரு தடவைதான். ஆறு வயசிருக்கும். முற்றத்தில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு எதற்கோ உள்ளே போனாள். நான் எடுத்துப் பெருக்கினேன், விளையாட்டுத்தான். திண்ணையிலிருந்த அப்பத்தா பதறி எழுந்து வந்து பிடுங்கினாள். "ஆம்பளப் புள்ள கையில வெளக்கமாறா? ஏ புள்ள, எங்க போய்த் தொலஞ்ச?" திட்டு விழுந்தது அக்காவுக்கு. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் அப்பத்தா இருபத்தேழு வயதில் தாலியறுத்தவள். தனியாளாகக் கமலை இறைத்திருக்கிறாள். வண்டி பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறாள். ஆம்பள வேலை அத்தனையும் பார்த்தவள், ஆம்பளை பொம்பள வேலையைத் தொடக் கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தாள். இதை ஒரு முரண்பாடு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெண் கமலை இறைத்தால் 'ஆம்பள மாதிரி' என்பார்கள், அது மெச்சுகிற பேச்சு. ஆண் முற்றம் பெருக்கினால் 'பொம்பள மாதிரி' என்பார்கள், அது வசவு. ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு ஒரு விலை. அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. பேரன் இறங்கிவிடக் கூடாது என்று பார்த்தாள்.

மற்றதெல்லாம் வார்த்தையில்லாமல் நடந்தது. ராத்திரி எட்டே முக்காலுக்கு வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். அக்கா எழுந்துவிடுவாள். கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைத்து, பாவாடையில் விரலைத் துடைத்து, பானையிலிருந்து செம்பில் தண்ணி மொண்டு, அப்பா தலையைக் குனிந்து உள்ளே நுழையும்போது நீட்டிக்கொண்டு நிற்பாள். யார் சொல்லித் தந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் அம்மா எழுந்திருந்திருப்பாள். ஒருநாள் அம்மா கை ஒழியாமல் இருந்திருக்கும். அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது. நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அது என்னைக் கூப்பிடுகிற சத்தமில்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

மானுடவியலாளர் லீலா துபே 1988-ல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். நம் நாட்டு இந்துக் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் எப்படிப் பெண்களாக ஆக்கப்படுகிறார்கள் என்பது பற்றி. எப்படி உட்கார்வது, எப்படி நடப்பது, யாருக்கு முதலில் பரிமாறுவது, பிறந்த வீடு நமக்குத் தங்குமிடம்தான் என்பது எல்லாம் பேச்சிலும் சடங்கிலும் சோற்றிலும் கலந்து எப்படி உள்ளே போகிறது என்று சொல்லிக்கொண்டே போவார். வாசிக்கும்போது அக்காவைத் தேடினேன், பக்கத்துக்குப் பக்கம் கிடைத்தாள். பிறகு என்னைத் தேட ஆரம்பித்தேன். அதே வீட்டில், அதே வருஷங்களில், நானும் ஏதோ படித்துக்கொண்டுதானே இருந்திருப்பேன்? வேலை செய்யாமலிருக்கப் படித்தேன் என்று சொன்னால் போதாது. சோம்பேறிக்குக்கூட வேலை கண்ணில் படும், பட்டதால்தான் நழுவுகிறான். எனக்குக் கண்ணிலேயே படவில்லை. செம்பு தானாக வந்தது. தட்டு தானாகப் போனது. அதுவும் ஒரு படிப்புத்தான். பத்து வயதுக்குள் முடித்துவிட்டேன், நல்ல மார்க்கில்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஒட்டிய பெட்டிகளை மூட்டை கட்டி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து, துட்டு வாங்கிக்கொண்டு வருவது. பொம்பளப் பிள்ளை எதற்குக் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்க வேண்டும்? மூட்டை ஒன்றும் கனக்காது, காற்றைச் சுமந்த மாதிரிதான். கணக்கப்பிள்ளை பெட்டிகளைப் பிரித்து, கோணலாக ஒட்டியதையும் பசை வழிந்ததையும் ஒதுக்குவார். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவு போக மிச்சத்துக்குத்தான் கூலி. என் உள்ளங்கையில் எண்ணி வைப்பார். பஜார் வழியாகத் திரும்பி வரும்போது சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அந்த நடை எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. சம்பாதித்துக்கொண்டு போகிறவனின் நடை.

வழியில் சேவுக் கடை. சாத்தூர்க் காராச்சேவு எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்குகிற நேரம். முதல் தடவை நாலணா எடுத்தபோது பயமாக இருந்தது. வீட்டில் போய், "கழிவு ஜாஸ்தின்னு புடிச்சுட்டாங்கம்மா" என்றேன். அம்மா அக்காவைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ண எங்க வச்சுக்கிட்டு ஒட்டுற? ரேடியோ கேக்காதன்னு சொன்னா கேக்கியா?" அக்கா ஒன்றும் பேசவில்லை. ரெண்டாவது தடவை பயம் குறைந்தது. அப்புறம் அது வாரத்துக்கு ஒருமுறை என்றாகி, இரண்டு மூன்று வருஷம் போல நடந்தது. பஜார் முனையிலேயே நின்று தின்றுவிட்டு, பொட்டலத் தாளைக் கசக்கி ஓடையில் எறிந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவேன்.

அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் 31 வாங்கினாள். நாலு மார்க்கில் போச்சு. திரும்ப எழுதுவது பற்றிப் பேச்சே வரவில்லை. "போதும், வீட்ல வேலைக்கு ஆளாச்சு" என்று அப்பா சொன்னார், கோபமில்லாமல், ஏதோ ஒரு விஷயம் தானாகச் சரியாகிவிட்ட நிம்மதியோடு. நாலு வருஷம் கழித்து நான் பன்னிரண்டாவதில் அதே கணக்கில் தவறினேன். வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. மறுவாரமே மதுரையில் டுடோரியல், மாமா வீட்டில் தங்கல். ஃபீஸ் கட்டிய பணம் பெட்டிப் பணம். அக்கா அப்போது முழுநேரமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். இதில் என்ன தப்பு என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அது நடந்து முப்பது வருஷம் ஆகும்வரை.

2019-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. ஜனங்கள் ஒருநாளின் இருபத்துநாலு மணிநேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைத்தவர்கள், பெண்களில் நூற்றுக்கு 81, ஆண்களில் 26. கைவைத்தவர்களுக்குள்ளும் பெண்கள் ஒருநாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. கிட்டத்தட்ட எதிர்பார்க்கிற கணக்குத்தான். எனக்குத் தைத்தது அதில் வேறொன்று. ஆறு வயதிலிருந்தே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அப்பத்தா என் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கிய வயது.

என் பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒரே பள்ளிக்கூடம். பையனுக்கு வாங்கிய வயதிலேயே அவளுக்கும் சைக்கிள். பையன் செஸ் கிளாஸ் போனான், இவள் கராத்தே. 2024-ல் கேரளத்தில் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். மனைவி போனில் அதைக் காட்டினாள். "நல்ல விஷயம், நம்ம புத்தகத்துலயும் போடணும்" என்றேன். "இவருக்குத் துருவி எங்க இருக்குன்னு யார் எடுத்துக் குடுத்திருப்பா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குச் சொன்னது என்று அப்போது படவில்லை. படம் போடுவது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் வாசிக்கிற முதல் புத்தகம் அது இல்லையே.

நோட்டைப் பார்த்த அந்த வாரம் வீட்டைக் கொஞ்சம் கவனித்தேன். சாயந்திரம் நான் பைக்கை நிறுத்துகிறேன். சைடு ஸ்டாண்டு போடுகிற சத்தம். கதவைத் திறந்தால் மகள் தண்ணி பாட்டிலோடு நிற்கிறாள். நான் அவளிடம் கேட்டதேயில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை, மனைவியிடம் விசாரித்துவிட்டேன். இரண்டு வருஷமாக வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளையின் பாசம் என்று உச்சி குளிர்ந்து. பாசம் இல்லையென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அக்கா நீட்டிய செம்பிலும் பாசம் இருந்தது. சிக்கலே அதில்தான் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. பையன் சோபாவில் இருந்தான். பன்னிரண்டு வயது, நல்ல பிள்ளை, தெருநாய்க்குப் பிஸ்கட் போடுகிறவன். அவனுக்கும் சைடு ஸ்டாண்டு சத்தம் கேட்டிருக்கும்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். அக்கா இப்போது அங்கேதான். மகள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தாள். இருமல் வந்து, தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப வந்து சிரித்தாள். "அவ என்னடா தப்பா எழுதிட்டா? உங்க வீட்டுக்கு வந்தப்ப நானும் பாத்தேன்ல. கல்யாண வீட்டு மாஸ்டரு மாதிரி நிக்க, உன் பொண்டாட்டி எடுபிடி."

டுடோரியல் பற்றி அவளிடம் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன். உனக்கு வருத்தமா இல்லையாக்கா என்று.

"அது கெடக்கட்டும்டா. கணக்கு எனக்கும் ஓடல." கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தடவயாவது அந்த ஆபீஸுக்கு நானே போயி துட்டு வாங்கணும்னு இருந்துச்சு. நாம ஒட்டுனதுக்கு எப்படி எண்ணிக் குடுக்காங்கன்னு பாக்கணும்னு. அம்மா விடல."

நான் சேவுக் கதையைச் சொன்னேன். ஐம்பது வயதை எட்டப்போகிறவன், தொண்டை கம்மிவிட்டது. அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"தெரியும்."

"அம்மா சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? என் பெட்டியில கழிவு வராதுடா."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரி சொல்கிற மாதிரி சொன்னாள். அத்தனை வருஷம் திட்டு வாங்கியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மட்டும்? சின்னப் பையன், ஆசப்பட்டுத் தின்னுட்டான்னுருப்பாங்க." பிறகு அவளாகவே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மகன் சென்னையில் புதுக் குடித்தனம். மருமகள் போனில் குறைப்படுகிறாளாம், சாப்பிட்ட தட்டை எடுக்கத் தெரியவில்லை என்று. "அவனுக்குச் சொல்லிக் குடுக்காதது உங்க மாமா இல்லடா. நான்தான். இவ்வளவு தெரிஞ்சும் நான்தான். உனக்கு எடுத்து எடுத்துப் பழகுன கை, அவனுக்கும் எடுத்துருச்சு."

சனிக்கிழமை மகள் நோட்டோடு வந்தாள். திருத்தி வந்திருந்தது. எழுத்துப் பிழை இரண்டு. ஏழாவது வரியில் 'நிறைய வேலை' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே அழகான கையெழுத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தார்கள். 'அன்று அப்பா சமைப்பார். அம்மாவுக்கு ஓய்வு.' பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கீழே பெற்றோர் கையொப்பம் என்று கோடு.

"மிஸ் தப்பாத் திருத்திட்டாங்கப்பா" என்றாள். கண்ணில் தண்ணி நின்றது. "நான் பாத்துத்தான் எழுதினேன்."

மிஸ்ஸைக் குறைசொல்ல முடியாது. நானும் அப்படித்தானே திருத்தப் பார்த்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கு என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், அவளுக்குத்தானே தெரியும் என்று. பிறகு கோட்டுக்கு மேலே 'குழந்தை எழுதியது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, திரும்ப ஒருதடவை வாசித்துவிட்டு, நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சின்ன வெங்காயம் இருந்த பையை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். பையனையும் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். பேப்பரை விரித்து வெங்காயத்தைக் கொட்டினேன். மனைவி உள்ளே நாளைக்கான ஆன்சர் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தி எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். மகள் அதற்குள் எழுந்துவிட்டாள்.